டென்ஷன் இல்லாதவர்க்கும் வரும் தலைவலி

(பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஞாயிறு மாலை நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிள்ளானில் நான் கிளினிக் தொடங்கிய புதிதில் ஓர் அம்மா வந்தார். 45 வயது இருக்கும். தொழிற்சாலையில் சாமான்களைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. “தலையைச் சுத்திக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருக்கு டாக்டர். காலையில லேசா ஆரம்பிக்குது, சாயங்காலம் ஆனா மண்டையே கனத்துப் போவுது” என்றார். இரத்த அழுத்தம் பார்த்தேன். கண்ணுக்குள் பார்த்தேன். கை கால் பலத்தைச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தன. “பயப்பட ஒன்னும் இல்லம்மா, டென்ஷன் தலைவலிதான்” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “எனக்கு ஒரு டென்ஷனும் இல்ல டாக்டர். நான் யார்கிட்டயும் கோவப்படக்கூட மாட்டேன்.” மருந்தை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை.

தவறு என்னுடையது. நாம் பேசும் தமிழில் டென்ஷன் என்றால் கோபம், பதற்றம், படபடப்பு. ‘டென்ஷன் ஆகாதே’ என்றால் எரிந்து விழாதே என்று பொருள். மருத்துவ நூல்களில் அதே சொல், முறுக்கிக் கட்டிய கம்பியில் இருக்கிறதே அந்த இறுக்கத்தைக் குறிக்க வந்தது. நான் அவருடைய கழுத்துத் தசையைப் பற்றிச் சொன்னேன். அவர் காதில் தம் குணத்தைப் பற்றிய குறையாக விழுந்தது. அதனால் இன்று மாலை முழுவதும் இதை இறுக்கத் தலைவலி என்றே சொல்லப் போகிறேன். மனக்கவலை இதைக் கூட்டும், உண்மைதான். ஆனால் கவலையே இல்லாதவர்க்கும் இது வரும்.

மருத்துவர்களும் இந்தப் பெயரோடு நெடுங்காலம் போராடியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் தசைச் சுருக்கத் தலைவலி என்றார்கள். தசையின் மின்னோட்டத்தை அளந்து பார்த்தபோது, பலருக்கு வலி இருந்த நேரத்தில்கூடத் தசை அவ்வளவாகச் சுருங்கியிருக்கவில்லை. 1988-இல் உலகத் தலைவலிச் சங்கம் தலைவலிகளை வகைபிரித்துப் பட்டியல் போட்டபோது, ‘இறுக்க வகை’ என்று சற்று நிதானமாகப் பெயர் வைத்தது. டென்மார்க் மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று மட்டும் அசையவில்லை. இந்த நோயாளிகளின் நெற்றிப்பொட்டு, தாடை, பிடரி, தோள்பட்டை ஆகியவற்றை விரலால் அழுத்தினால் மற்றவர்களைவிட அதிகமாக வலிக்கிறது. வலிக்காத நாளிலும் அப்படித்தான். ஆகவே இது கற்பனை நோய் அல்ல. விரல் வைத்துக் காட்டக்கூடிய நோய்.

மலேசியாவில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். 1996-இல் வெளிவந்த ஒரு மலேசிய ஆய்வின்படி நான்கில் ஒருவருக்குச் சற்று மேல். ஒற்றைத் தலைவலி என்று நாம் சொல்லும் மைக்ரேன் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

இரண்டையும் பிரித்தறிய எந்திரம் வேண்டாம். இறுக்கத் தலைவலி இரண்டு பக்கமும் அழுத்தும், துடிக்காது. படியேறினால் அதிகமாகாது. வாந்தி வராது. வலியோடு சமைக்கலாம், வண்டி ஓட்டலாம், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கலாம். எதையும் மனம் ஒன்றிச் செய்ய முடியாது, அவ்வளவுதான். அரை மணி நேரத்திலும் போகும், 7 நாளும் நிற்கும். மைக்ரேன் பெரும்பாலும் ஒரு பக்கம் நாடி அடிப்பதுபோல் துடிக்கும். நான்கு எட்டு நடந்தால் கூடும். குமட்டும். வெளிச்சமும் சத்தமும் ஆகாது, ஆளை இருட்டறையில் படுக்க வைத்துவிடும். இரண்டும் ஒரே ஆளுக்கு வருவதும் உண்டு.

இனி, வலிப்பது எது? மூளை அல்ல. 1940-இல் நியூயார்க்கில் ரே, உல்ஃப் என்ற இரு மருத்துவர்கள், விழித்திருந்த நோயாளிகளின் மண்டையோட்டைத் திறந்து அறுவை செய்தபோது உள்ளே ஒவ்வோர் இடமாகத் தொட்டு வலிக்கிறதா என்று கேட்டுக் குறித்தார்கள். மூளைச் சதைக்கு வலி தெரியவில்லை. அதைப் போர்த்திய உறைக்கும், சில இரத்தக் குழாய்களுக்கும், மண்டைத் தோலுக்கும், தசைகளுக்கும் தெரிந்தது. கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் நரம்புகளும் முகத்திலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. பிடரியிலிருந்து வந்த சேதியா, நெற்றியிலிருந்து வந்த சேதியா என்று அங்கே குழப்பமாகிவிடுகிறது. தோள்பட்டையில் கட்டிய முடிச்சு நெற்றிப்பொட்டில் வலிப்பது இதனால்தான். 1995-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் இன்னொன்றையும் கண்டார்கள். மண்டையின் அடியில் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு தசை, இணைப்பு நார் ஒன்றால் மூளையுறையோடு தொடர்ந்து போகிற உறையையே பற்றிக்கொண்டிருக்கிறது. அது இழுத்தால் உறையும் இழுபடும்.

என் அம்மா கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். விடியற்காலை நாலரை மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். குனிந்து வெட்டுவதும் நிமிர்ந்து அடுத்த மரத்துக்குப் போவதும், பிறகு பால் வாளியைச் சுமப்பதும்தான் அவருடைய நாள். மதியம் வீடு திரும்பியதும் ஒரு துணியை முறுக்கித் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவார். “தலைய வலிக்குதாம்மா?” என்று கேட்டால், “பல்லைக் கடிச்சிக்கிட்டு வேலையப் பார்க்க வேண்டியதுதான்” என்பார். பொறுமைக்கு நம் மொழி வைத்திருக்கும் சொல் அது. ஒரு மருத்துவனாக அந்தச் சொல்லைப் பிற்பாடு நினைத்தபோது திடுக்கிட்டேன். பல்லைக் கடிப்பதுதான் இந்த நோயை வளர்க்கும் பழக்கங்களில் முக்கியமான ஒன்று. பல்லைக் கடிக்கும்போது நெற்றிப்பொட்டின் தசை விம்முகிறது. இப்போதே இரண்டு விரலைப் பொட்டில் வைத்துக் கடித்துப் பாருங்கள், தெரியும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டும் தொட்டால் போதும். மற்ற நேரம் உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தில் ஓய்வெடுக்கட்டும்.

தோட்டம் போய்விட்டது, கழுத்து குனிவது போகவில்லை. துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டும் தம்பிகள் உயரத்தில் உட்கார்ந்து, காலடிக் கண்ணாடி வழியாகக் கீழே கொள்கலனைப் பார்த்தபடியே மணிக்கணக்கில் வேலை செய்கிறார்கள். கணக்கெழுதும் பிள்ளைகள் கணினி முன்னால் தாடையை முன்னே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை ஜாமில் நகரும் காடியில், ஸ்டீரிங்கை நெரித்துக்கொண்டு தோளைக் காதுவரை தூக்கி வைத்திருப்பவர்களை நான் பக்கத்து வண்டியிலிருந்து பார்த்திருக்கிறேன். மோட்டாரில் போகிறவர்களுக்கு ஒரு சொல்: ஹெல்மெட் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் விட்டுவிட்டால் அது ஹெல்மெட்டின் அளவுக் குறை. அளவை மாற்றுங்கள். ஹெல்மெட்டை விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பேச்சுக்குப் பிரிக்பீல்ட்ஸைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் இல்லை என்று நான் நினைக்கிறேன். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. அதன் கர்னி பயிற்சி மையத்தின் பெயர், அதே ஆண்டு பதுங்கித் தாக்கிக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னியின் பெயர். பார்வையற்றவர்கள் பிடித்துவிடும் தொழிலைக் கற்று, இந்தத் தெருக்களில் கடை வைத்து, சொந்தக் காலில் நிற்கிறார்கள். வெள்ளைக் கோலோடு நடப்பவர்களுக்காகப் பதித்த மேடுகட்டிய ஓடுகள் இந்த நடைபாதைகளில் ஓடுகின்றன.

அப்படிப் பிடித்துவிடும் பார்வையற்றவர் ஒருவரிடம் என் கழுத்தைக் கொடுத்தேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கட்டைவிரல் பிடரியில் இறங்கி, மண்டையோடு முடியும் விளிம்பில் நின்றது. “இங்கிருந்துதானே சார் கண்ணுக்கு மேல ஏறுது?” என்றார். படத்திலும் பிண அறுவையிலும் நான் படித்த இடத்தை அவர் விரல் நேரே போய்த் தொட்டது. அழுத்தி, அரை நிமிடம் பிடித்து, மெல்ல விட்டார். பிடித்துவிடுதலால் இறுக்கத் தலைவலி குறைகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. பெரிய ஆய்வுகள் குறைவு. நான் என் நோயாளிகளை அனுப்பத் தயங்குவதில்லை.

ஆனால் ஒன்று. முடிவெட்டும் கடையில் தலையைப் பிடித்துவிட்டு, கடைசியில் கழுத்தை இரண்டு பக்கமும் படக்கென்று திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்கள். அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். கழுத்தெலும்பின் துளைகளுக்குள் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஏறுகின்றன. திடீர்த் திருப்பலில் குழாயின் உள்சுவர் கிழிந்தால் அங்கே இரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். 1993-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வைன்ட்ராப், அழகு நிலையத்தில் கழுத்தைப் பின்னால் மடக்கித் தலையலசியபோது பக்கவாதம் கண்ட ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். அரிதுதான். ஆனால் ஒரு சொடக்கின் சுகத்துக்காக எடுக்கத் தகுந்த ஆபத்து அல்ல. முடிதிருத்தும் அண்ணனிடம் “கழுத்த மட்டும் திருப்ப வேணாம்ணே” என்றால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தைலத்துக்கு வருவோம். கோடாலி தைலம் இல்லாத கைப்பை நம் பாட்டிமாரிடம் உண்டா? இளம் மருத்துவனாக இருந்தபோது அதை நான் மதித்ததில்லை. 1996-இல் ஆஸ்திரேலியக் குடும்ப மருத்துவத்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. இறுக்கத் தலைவலிக்கு நெற்றியில் டைகர் பாம் தடவியவர்களுக்கு, போலி மருந்து தடவியவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. மாத்திரை போட்டவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதே ஆண்டு ஜெர்மனியில் புதினா எண்ணெய்க்கும் அப்படியே தெரிந்தது. பாட்டி சரியாகத்தான் செய்திருக்கிறார். கண்ணில் படாமல் தடவுங்கள். கைக்குழந்தையின் முகத்தருகே கொண்டுபோக வேண்டாம். சுக்குப் பற்றுப் போடுகிறவர்கள் தோல் எரியுமுன் கழுவிவிடுங்கள்.

நான் இங்கே வந்ததன் காரணம் இனிச் சொல்லப்போவதுதான்.

பானடோல். நம் வீடுகளில் உப்பும் சீனியும் இருக்கும் இடத்தில் அதுவும் இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும், பெட்டிக்கடையில் இரண்டாகக் கத்தரித்துக் கொடுப்பார்கள். அது நல்ல மருந்து. இறுக்கத் தலைவலிக்குப் பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு போடலாம். 24 மணி நேரத்தில் 8 மாத்திரையைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கெட்டவர்களும் நாள்தோறும் குடிப்பவர்களும் அந்த அளவுக்கும் போகக் கூடாது. இதெல்லாம் உறையிலேயே எழுதியிருக்கிறது. உறையில் பெரிய எழுத்தில் இல்லாத ஒன்று உண்டு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து வலிமாத்திரை போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொடுக்கத் தொடங்கலாம். காஃபின் கலந்த மாத்திரை, கோடின் கலந்த மாத்திரை, மைக்ரேனுக்கான சில மாத்திரைகள் என்றால் 10 நாளே போதும்.

எத்தனை மாத்திரை என்பது இங்கே முதல் கணக்கு அல்ல. எத்தனை நாள் என்பதே கணக்கு. மூளையில் வலியைக் கடத்தும் பாதை மருந்துக்குப் பழகிவிடுகிறது. மருந்து இறங்கும் நேரத்தில் வலி எழுகிறது. வலிக்காக மறுபடி போடுகிறோம். காலையில் கண் விழிக்கும்போதே தலை வலித்தால், பையில் அட்டை இல்லாமல் வெளியே போகப் பயமாக இருந்தால், ‘முன்ன மாதிரி இப்பக் கேக்கறதில்ல’ என்று சொல்லத் தொடங்கினால், இதை நினையுங்கள். நான் பார்த்தவர்களில் பலர் ஆண்டுக்கணக்காக இப்படி வாழ்ந்தவர்கள். தலையைப் படமெடுத்துப் பார்க்கக் கடன் வாங்கியவர்கள்கூட உண்டு. படத்தில் ஒன்றும் இருக்காது. பையில் இருக்கும் அட்டையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு வழி நிறுத்துவதுதான். வெறும் பானடோல் என்றால் பெரும்பாலோர் ஒரே நாளில் நிறுத்தலாம். கோடின் உள்ளது என்றால் மருத்துவர் துணையோடு படிப்படியாக. முதல் வாரம், சிலருக்குப் பத்து நாள், வலி முன்பைவிட மோசமாகும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே மனம் உடைந்து மறுபடி போட்டுவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் அந்த வாரம் அடுப்படியையும் பிள்ளைகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்குள் பலருக்குத் தலைவலி பழைய அளவுக்கு இறங்குகிறது. இறங்காதவர்களுக்கு மருத்துவர் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை இரவில் 10 மில்லிகிராமிலிருந்து தொடங்கலாம். கூகுளில் தேடி, ‘இது மனச்சோர்வு மருந்தாச்சே, என்னைப் பைத்தியம்னு நினைச்சிட்டாரா?’ என்று அதைக் குப்பையில் போட்டவர்கள் பலர். இந்தச் சிறிய அளவு நரம்பின் வலி உணர்ச்சியைத் தணிக்கத்தான் கொடுக்கப்படுகிறது. வாய் வறளும், தூக்கம் வரும். இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கோப்பியும் தே தாரிக்கும் குடிப்பவர்களுக்கு ஒரு வரி. நாள்தோறும் நிறையக் குடித்துவிட்டுத் தைப்பூச விரதத்துக்குத் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளைக்குள் தலைவலி வரும். முருகன் சோதிக்கவில்லை, காஃபின் இறங்குகிறது. விரதத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே குறைத்து வாருங்கள்.

மாத்திரைக்குப் பதில் என்ன என்று கேட்பீர்கள். ஒரு ரப்பர் குழாய். டென்மார்க்கில் கழுத்தும் தோளும் வலித்த 198 அலுவலக ஊழியர்களை மூன்று பிரிவாக்கினார்கள். இரண்டு பிரிவினர் வாரம் 5 நாள், 10 வாரம், ரப்பர் குழாயை இழுத்துத் தோளுக்குப் பயிற்சி செய்தார்கள். ஒரு பிரிவுக்கு நாளுக்கு 12 நிமிடம், இன்னொரு பிரிவுக்கு 2 நிமிடம். 2011-இல் வந்த முடிவு: 2 நிமிடம் செய்தவர்களுக்கே தலைவலி வரும் தடவைகள் பாதியை நெருங்கும் அளவுக்குக் குறைந்திருந்தன. குழாயின் நடுவை மிதித்துக்கொள்ளுங்கள். இரு நுனியையும் பிடித்து, முழங்கையைச் சற்று மடக்கி, இரு கையையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி மெல்ல இறக்குங்கள். அலுக்கும் வரை, அல்லது 2 நிமிடம். அவ்வளவுதான். என் அம்மாவின் கழுத்தை ஒடித்த அதே ரப்பர்.

எல்லாத் தலைவலியும் இறுக்கத் தலைவலி அல்ல. இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாய் குழறுதல், ஒரு கை தளர்தல், தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி, 50 வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் புதுத் தலைவலி, கர்ப்பிணிக்கு வரும் கடுந்தலைவலி: இவற்றில் எது வந்தாலும் தைலம் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிலாங்கூரில் வாழும் நமக்கு இன்னொன்று. காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் சேர்ந்து வந்தால் டெங்கியாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்யும் வரை ஆஸ்பிரினும் வேண்டாம், இபுப்ரோஃபெனும் வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டும். நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு இபுப்ரோஃபென் எந்தக் காய்ச்சலிலும் ஆகாது.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுப்படியில் குதிரைப் படம் போட்ட காலண்டர் தொங்கும். அதன் பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டி வையுங்கள். தலை வலித்த நாளுக்கு ஒரு கோடு. மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம். வீட்டில் யார் போட்டாலும் அவரவர் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் வட்டங்களைப் பிள்ளைகள் எண்ணுங்கள், ஏனென்றால் அவர் தானாகச் சொல்ல மாட்டார். மாத முடிவில் ஒருவருடைய வட்டம் பத்தைத் தொட்டால், அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். கட்டணம் 1 வெள்ளி.